அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்க எந்த டெபாசிட்டை உடைப்பது?

கேள்வி: எனக்கு 47 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. அப்பாவுக்கு 76 வயது, கணையப் புற்றுநோய். இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் விருப்பமும் அதுதான். 24 மணி நேர ஆளுக்கு மாதம் 27,000, கட்டில் வாடகை 3,500, டாக்டரும் நர்ஸும் வந்துபோக 6,000, மருந்து, டயாபர் எல்லாம் சேர்த்து 12,000 ஆகிறது. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா பெயரில் 15 லட்சம் இருக்கிறது, போட்டு 20 மாதம் ஆகிறது. வங்கியில் அப்பா, அம்மா இருவர் பெயரிலும் ஒரே டெபாசிட்டாக 9 லட்சம். 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. ‘நீ வேலையை விட்டுட்டுப் பாத்துக்க, ஆள் சம்பளமாவது மிச்சம்’ என்கிறான் கோவையில் இருக்கும் தம்பி. வேலையை விடலாமா? எந்தப் பணத்தை எடுப்பது?

பதில்: முதலில் தம்பியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 27,000 மிச்சம் பிடிக்க 46,000-ஐ விடச் சொல்கிறார். பி.எஃப்.-இல் மாதாமாதம் சேர்வது நிற்கும், அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதுவும் போகும். 48 வயதில் திரும்ப வேலை தேடும்போது இதே சம்பளம் கிடைக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வேலையை விடாதீர்கள். கையில் இருக்கும் விடுப்பையும் இப்போதே கரைத்துவிட வேண்டாம். கடைசி வாரங்களில் அப்பா பக்கத்தில் உட்கார அந்த நாட்கள் வேண்டும்.

நீங்கள் எழுதியதைக் கூட்டினால் மாதம் 48,500 வருகிறது. ஆறு மாதத்துக்கு 2,91,000. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்: எத்தனை மாதத்துக்குத் திட்டமிட வேண்டும்? டாக்டரிடம் ‘எவ்வளவு நாள்’ என்றால் பதில் வராது. ‘வாரங்களா, மாதங்களா?’ என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். அவர் என்ன சொன்னாலும் சரி, பணத்தை மூன்று மூன்று மாதமாகப் பிரித்து வையுங்கள்.

இந்தச் செலவு அப்பா பணத்திலிருந்து போகட்டும். ‘அவர் காசைத் தொடுவதா’ என்று பிள்ளைகள் தயங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் சேர்த்ததே இப்படியொரு நாளுக்காகத்தான். ஆனால் அம்மாவின் பிற்காலத்துக்கான பங்கு குறையக் கூடாது. அதனால் 15 லட்சத்தைத் தொடாதீர்கள். 20 மாதத்தில் மூடினால் ஒன்றரை சதவீதம், அதாவது 22,500 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் தாண்டினால் ஒரு சதவீதம். அப்பா காலமான பிறகு மூடினால் பிடித்தமே கிடையாது. அம்மா கூட்டுக் கணக்குதாரராகவோ ஒரே நாமினியாகவோ இருந்தால், மூடாமல் முதிர்வு வரை அவரே தொடரலாம். 8.2 சதவீத வட்டி என்றால் காலாண்டுக்கு 30,750 ரூபாய், அம்மாவின் கைச்செலவுக்கு ஆகும். பாஸ்புக்கில் நாமினி யார் என்று இன்றே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய அத்தை பெயரைக்கூட ஒரு வீட்டில் பார்த்தேன்!

ஆக, எடுக்க வேண்டியது வங்கிப் பணம்தான். ஒரே 9 லட்சமாகப் போட்டதுதான் இடிக்கிறது. மூன்று மூன்றாகப் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் உடைத்திருக்கலாம். பரவாயில்லை, அந்த டெபாசிட்டின் மேல் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது டெபாசிட்டை உடைக்காமல் அதை ஈடாக வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கும் கடன். டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும், அதுவும் எடுத்த தொகைக்கு மட்டும். 3 லட்சத்தையும் முதல் நாளே எடுத்து ஒரு வருடம் வைத்திருந்தால்கூட உங்களுக்கு நிகரமாக 6,000 ரூபாய்க்குள்தான் செலவு.

இதில் ஒரு அவசரம் இருக்கிறது. கணக்கு ‘எய்தர் ஆர் சர்வைவர்’ (இருவரில் யாராவது ஒருவர், அல்லது உயிரோடு இருப்பவர் இயக்கலாம்) என்று இருந்தாலும் முதிர்வுக்கு முன் டெபாசிட்டை உடைக்கவோ அதன் மேல் கடன் வாங்கவோ பொதுவாக இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள். அப்பாவால் பேனா பிடிக்க முடியும்போதே இந்த வாரத்தில் முடித்துவிடுங்கள். முடியாமல் போனால் கைநாட்டு, அதுவும் இயலாவிட்டால் கால் விரல் ரேகைகூடச் செல்லும். இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரி. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது, கிளை மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பவர் பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்று அடுத்து தோன்றும். அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது, இறந்த பிறகும் செல்லாது. அதை நம்பி இருக்காதீர்கள்.

காப்பீட்டை இந்தச் செலவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். பாலிசியில் விலக்குகள் பகுதியை எடுத்துப் பாருங்கள். குளிப்பாட்ட, உடை மாற்ற, சாப்பிட வைக்க ஆள் வைப்பதும், முடிவுநிலை நோயாளிக்கான பராமரிப்புச் சேவையும் அங்கே பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கும். ‘வீட்டிலேயே சிகிச்சை’ என்று ஒரு வரி கண்ணில் படும். அது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோய்க்கு, நகர்த்த முடியாமலோ படுக்கை கிடைக்காமலோ வீட்டில் தரும் சிகிச்சைக்கானது. பிரீமியத்தை மட்டும் விடாமல் கட்டுங்கள். எலும்பு முறிவு, தொற்று என்று ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிக்கு உதவும்.

செலவைக் குறைக்க வழி வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்பு சிகிச்சையும் (வலி, அவதியைக் குறைக்கும் பராமரிப்பு) உண்டு. நர்ஸ் வீட்டுக்கு வருவார், காசு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதியுங்கள், வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் 6,000-இல் பாதியாவது குறையலாம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை தரும் மையம் எது என்று டாக்டரிடம் கேளுங்கள். விலை மலிவான மருந்துதான். 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் இதை வைத்திருப்பது எளிதாகிவிட்டது.

கட்டில் வாடகைக்கே இருக்கட்டும், வாங்காதீர்கள். ஏர் பெட் இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு படுக்கைப் புண் வந்தால் அதற்கு ஆகும் கட்டுத் துணிச் செலவு அந்த வாடகையைத் தின்றுவிடும். ஆக்ஸிஜன் கருவி வரும் நிலை வந்தால் மின்கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். 300 வாட் கருவி ராப்பகலாக ஓடினால் நாளுக்கு 7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 430-க்கு மேல். வீட்டுச் செலவும் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் என்றில்லாமல் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறும். பில்லைப் பார்த்து அதிரவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு நடக்கும் நேரம் இரவு இரண்டு மணி. என் மாமனாரையும் வீட்டில்தான் வைத்திருந்தோம். ஒரு நாள் மூச்சு வாங்கியது. என் மனைவி பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், நானும் தடுக்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் வென்டிலேட்டர், மூன்று லட்சத்துச் சொச்சம் பில். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். அவர் கேட்டது வீட்டுத் திண்ணையை.

அந்த இரவுக்காக அப்பா தெளிவாகப் பேசும்போதே எழுதி வையுங்கள். வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தந்த தீர்ப்பின்படி இப்படி முன்கூட்டி எழுதுவது செல்லும். 2023-இல் நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள்: இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையொப்பம் போதும், மாஜிஸ்ட்ரேட் வேண்டியதில்லை. கட்டில் பக்கத்துச் சுவரில், இரவில் போன் எடுக்கும் டாக்டரின் எண்ணை எழுதி ஒட்டுங்கள். மூச்சுத் திணறலுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதையும் அவரிடமே எழுதி வாங்கி ஒட்டுங்கள். வீட்டில் உயிர் பிரிந்தால் இறப்புக்கான காரணத்தைச் சான்றளித்துத் தருவாரா என்பதையும் அவரிடம் கேட்டுவிடுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. வங்கி, தபால் நிலையம் எல்லாவற்றுக்கும் அந்த இறப்புச் சான்றிதழ்தான் முதல் காகிதம்.

வருமான வரியில் நீங்கள் பழைய முறையில் இருந்து, அப்பா உங்களைச் சார்ந்திருந்தால், 80டிடிபி என்று நாம் பழகிய கழிவில் மூத்த குடிமக்களின் புற்றுநோய் சிகிச்சைக்கு ஒரு லட்சம் வரை உண்டு. நிபுணரின் மருந்துச் சீட்டு வேண்டும். புதிய முறை என்றால் இதை மறந்துவிடுங்கள்.

அப்புறம், தம்பி. மாதம் ஒன்றாம் தேதி அவர் பங்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி, அம்மா கணக்குக்கு வரச் சொல்லுங்கள். கூடவே மாதம் ஒரு சனி, ஞாயிறு ஆளுக்கு லீவு கொடுத்துவிட்டு அவரை வரச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, 27,000 அதிகமா என்று திங்கட்கிழமை காலையில் அவரே சொல்லட்டும்.