தாத்தா வெடித்திருப்பார் – கடிதம்

வணக்கம் சார்,

சென்ற வாரம் உங்கள் தளத்தில் வந்த கதையைப் படித்தேன். கொள்ளிடக்கரையில் பன்றி வயலில் இறங்கும் ராத்திரி, தாத்தா கரண்டியில் ஈயம் உருக்குகிறார். ‘சுட்ட தோட்டாக் கூட்டில் மருந்தைக் கொட்டி, அதன் வாயில் உருகிய ஈயத்தை ஊற்றி ஆறவிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன். ஈயம் உருக 327 டிகிரி சூடு வேண்டும். ரைபிள் மருந்து அதற்கு வெகு முன்பே பற்றிக்கொள்ளும். கதை அந்த வரியோடு முடிந்திருக்கும், தாத்தாவும்தான். அதோடு, சுட்ட கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஏற்கெனவே வெடித்துத் தீர்ந்தது. அதை மாற்றாமல் எவ்வளவு மருந்து போட்டாலும் வெடிக்காது. கதை பிடித்திருந்தது, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், மன்னார்குடி

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “நான் அப்பவே நெனச்சேன்” என்றாள். நினைக்கவில்லை. கதையை அவள் இன்னும் படிக்கவேயில்லை.

தப்பு என்னுடையதுதான். அது எங்கே புகுந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் துப்பாக்கியே இருந்ததில்லை. தாத்தா ஈயம் உருக்கியது வீச்சுவலைக்கு. ஜனவரி 28-இல் மேட்டூரை மூடினால், கொஞ்ச நாளில் ஆறு மணலாகி, அங்கங்கே மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். கெண்டையும் கெளுத்தியும் அதில் ஒண்டிக்கிடக்கும். வலையை எடுத்துப் பார்த்தால் அடியோரத்தில் பாதிக் குண்டு போயிருக்கும்.

கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, கொட்டாங்கச்சியும் கரியும் போட்டு மூட்டுவார். இரும்புக் கரண்டி. பழைய பேட்டரித் தகடு, எங்கிருந்தோ பிடுங்கிய குழாய்த்துண்டு, எது கிடைக்கிறதோ அது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. பிறகு ஒரு ஓரம் சாயும், சட்டென்று மொத்தமும் உட்காரும். மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டும். குச்சியால் அதை ஒதுக்கினால் அடியில் கண்ணாடி மாதிரி முகம் தெரியும், அவர் முகமே தெரியும். இரண்டு செங்கல்லில் குடைந்த அச்சு, ஓட்டை விழ நடுவில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. முதல் நாலைந்து குண்டு தோல் சுருங்கித்தான் வரும். “அச்சு சூடேறலடா” என்று மறுபடி கரண்டியில் போட்டுவிடுவார். செங்கல்லில் துளி ஈரம் இருந்தால் ஈயம் சீறிக்கொண்டு தெறிக்கும். அவர் வலது மணிக்கட்டில் மிளகு மிளகாக ஏழெட்டுத் தழும்பு இருந்தது. வேலை முடிந்ததும் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அதே விரலால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பேட்டரி ஈயத்தை யாரும் இப்படித் தொடவே கூடாது.

கதை எழுதும்போது வலை சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. தாத்தா கையில் துப்பாக்கியைக் கொடுத்தேன். கரண்டி நிஜம், துப்பாக்கி புளுகு. இரண்டும் ஒட்டிய இடத்தில் சரியாக விரலை வைத்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு கொஞ்சம் படித்தேன். என் குழப்பத்துக்கு முதல் காரணம், எல்லாவற்றையும் ‘துப்பாக்கி’ என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்ததுதான். நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, நார் வைத்துக் கெட்டித்து, குண்டையோ ரவையையோ போடுவது. குழாய் உள்ளே வழவழவென்று இருக்கும். ரைபிளில் உள்ளே திருகாணி மாதிரிப் புரி ஓடுகிறது. குண்டு அதைக் கவ்விக்கொண்டு சுழன்றபடி போக வேண்டும். வெறும் காரீயம், அதாவது தாத்தா உருக்கிய ஈயம், மெத்தென்றது. வேகம் கூடினால் ஈயம் புரியில் அப்பிக்கொள்ளும். 1871-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு வந்த மார்ட்டினி ஹென்றி ரைபிளுக்கு 12 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் (டின்) கலந்து, மேலே காகிதம் சுற்றினார்கள். குண்டின் எடை 31 கிராம். 1888-இல் வந்த த்ரீ நாட் த்ரீ ரைபிளுக்கு அதுவும் போதவில்லை, செம்பும் நிக்கலும் கலந்த உறை போட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குப் பாலபாடம், எனக்குத்தான் புதிது.

அந்த வெள்ளீயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நம் ஊரில் இரண்டுக்கும் பேர் ஈயம்தான். வலைக்குண்டும் ஈயம், ரசம் வைக்கிற கும்பகோணத்துச் சொம்பும் ஈயம். ஆனால் சொம்பு வெள்ளீயம். அதில் காரீயம் கலந்தால் ரசமே விஷம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், அதனால்தான் சொம்பில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கக் கூடாது. எங்கள் பெரியம்மா ஒரு தீபாவளியன்று வெறும் சொம்பை ஏற்றிவிட்டு வாசலுக்குக் கோலம் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது அடிப்பாகம் ஸ்டவ்வில் வழிந்துகிடந்தது. குண்டு வார்ப்பவர்கள் காரீயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்ப்பது இறுக்கத்துக்காக மட்டுமில்லையாம், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஈயம் ஓடி நிரம்பவும்தானாம். விஷயம் தெரிந்த தாத்தாவாக இருந்தால், ஓட்டைச் சொம்பில் ஒரு துண்டை நறுக்கிக் கரண்டியில் போட்டிருப்பார். மறுநாள் பாட்டி சொம்பைத் தேடுவாள். இது முன்பே தெரியாமல் போயிற்றே என்றிருக்கிறது.

போன வாரம் இன்னொருவர், ‘வீட்டிலேயே தோட்டா செய்ய முடியுமா?’ என்று கேட்டு எழுதியிருந்தார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் செய்தால் ஜெயில். பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்களே தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவருக்கு என் பதில் இவ்வளவுதான்.

உங்களுக்கான பதில்: அந்த வரியை எடுத்துவிட்டேன். நாட்டுத் துப்பாக்கியாக மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேப், கெட்டிக்கிற கம்பி, நார் என்று மறுபடி தெரியாத இடத்துக்கே போகிறேன் என்று பட்டது. தாத்தாவிடம் வலையையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரண்டி, ஸ்போக்ஸ் கம்பி, சுருங்கிய குண்டு, மணிக்கட்டுத் தழும்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தப் பன்றியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நாலாம் பக்கத்தில் இன்னும் வயலில் நின்றுகொண்டிருக்கிறது.