வாசகர் கேள்வி–பதில்: 18:1 ஏன் 18:01 ஆகிறது?

கேள்வி: செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கேஸ் குரோமட்டோகிராஃபில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, ரிப்போர்ட்டை சிஎஸ்வி (கமாவால் பிரித்த) கோப்பாக எடுக்கிறோம். எக்செலில் திறந்தால் சில கோப்புகளில் எல்லாம் ஒரே நெடுவரிசையில் குவிந்துவிடுகிறது. ஒழுங்காகத் திறப்பவற்றிலும் 18:1 இருக்கவேண்டிய கட்டத்தில் 18:01 நிற்கிறது. கருவியில் கோளாறா?
– வாசகி, பிறை, பினாங்கு

பதில்: கருவியைத் தொடாதீர்கள், அது சரியாகத்தான் எழுதியிருக்கிறது. கோப்பை இருமுறை தட்டித் திறப்பதுதான் இரண்டுக்கும் காரணம்.

18:1 என்பது உங்களுக்கு ஓலிக் அமிலம். 18 கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு. எக்செலுக்கு அது மாலை 6 மணி 1 நிமிடம். அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட்டாக மாற்றிப் பாருங்கள்: 0.750694444 என்று வரும். ஒரு நாளின் 1440 நிமிடங்களில் 1081. பழைய பெயர் திரும்பாது. 18:1c9 என்று இருந்தால் எழுத்து கலந்திருப்பதால் தப்பிவிடும். அதனால் ஒரே தாளில் பாதிப் பெயர் நன்றாகவும் பாதி கெட்டும் கிடக்கும். பெயரைத் தேடி மதிப்பை எடுத்துவரும் விலுக்கப் (VLOOKUP) சூத்திரத்தைச் சுற்றி 'பிழை வந்தால் 0' என்று போட்டிருந்தால் இன்னும் ஆபத்து. செம்பனை எண்ணெயில் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டிய ஓலிக், சத்தமில்லாமல் 0 ஆகிவிடும்.

எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழுவது வேறு கதை. சில மென்பொருள்கள் சிஎஸ்வியை யூடிஎஃப்-16 என்ற யூனிகோட் எழுத்துக் குறியாக்க முறையில் எழுதுகின்றன. அப்படிப்பட்ட கோப்பை நேரடியாகத் திறந்தால், கமாவை வைத்துப் பிரிக்க எக்செலுக்குத் தோன்றாது.

வெற்றுத் தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போங்கள். ஃபைல் ஆரிஜினில் '1200: யூனிகோட்', டிலிமிட்டரில் கமா. டேட்டா டைப் கண்டறிதலில் 'டு நாட் டிடெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். விட்டால் அதே நேரக் குழப்பம் மறுபடி வரலாம். பிறகு 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வில் ரிட்டென்ஷன் டைம் (அமிலம் வெளிவர எடுத்த நேரம்), ஏரியா (அதன் பீக், அதாவது வரைபட மேட்டின் பரப்பு) இரண்டை மட்டும் டெசிமல் எண்ணாக்குங்கள். ஏரியாவைக் கூட்டி, ரிப்போர்ட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேவ் செய்யவே கூடாது, 18:01 கோப்பிலேயே ஏறிவிடும்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால், மெத்தடின் (கருவி மென்பொருளின் ஓட்ட அமைப்பு) காம்பவுண்ட் டேபிளில் பெயரை C18:1 என்று மாற்றிவிடுங்கள். முன்னால் ஓர் எழுத்து நின்றால் எக்செல் அதை நேரமாகப் படிக்காது. மாற்றியதை மெத்தட் பதிவில் எழுதி வையுங்கள்.

கேள்வி: முழு குரோமட்டோகிராமையும் (கருவி வரையும் கோட்டுப்படம்) புள்ளி புள்ளியாக எடுத்தேன். 60 நிமிட ஓட்டம், கோடு 54.6 நிமிடத்தில் நின்றுவிட்டது. ஏன்?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: நொடிக்கு 20 புள்ளி என்றால் 60 நிமிடத்துக்கு 72,000 வரி. பழைய எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிதான் கொள்ளும். 65,536 புள்ளி தீரும் இடம் சரியாக 54.6. எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 1,048,576 வரி இருப்பதால் அதில் இறக்குங்கள். வரியைக் குறைக்கவென்று டேட்டா ரேட்டில் (நொடிக்கு எத்தனை புள்ளி) கைவைக்காதீர்கள். 2 நொடி அகலமுள்ள பீக்குக்கு இப்போது 40 புள்ளி கிடைக்கிறது. நொடிக்கு 5 ஆக்கினால் 10 தான் மிஞ்சும், ஏரியா ஆட்டங்காணும். படம் வரைய மட்டும் நான்குக்கு ஒரு புள்ளி எடுத்தால் பாதகமில்லை. ஏரியாவைக் கருவியின் மென்பொருளிலிருந்தே எடுங்கள். பரப்பை அளக்கும் அடிக்கோடான பேஸ்லைன் அங்கேதான் வரையப்பட்டிருக்கிறது.