திக்கித் திக்கி ஓடும் கூத்து

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தை போனில் 4கே-யில் பிடித்து வைத்திருக்கிறேன். பகுதி பகுதியாக வெட்டி யூடியூபில் போட ஆசை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஏற்றினால் திக்கித் திக்கி ஓடுகிறது. டைம்லைனில் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாலே படம் உறைந்துவிடுகிறது. ‘எம்பி4-ஆக மாற்று’ என்றார் நண்பர். கோப்பே எம்பி4தான். ஏதோ ஒரு இலவச கன்வர்ட்டரில் மாற்றியும் பார்த்தேன். கோப்பு பாதியாகச் சிறுத்தது, திக்கல் அப்படியே இருக்கிறது. சில கோப்புகளில் போகப் போகப் பாட்டு ஒரு பக்கம், வாயசைப்பு ஒரு பக்கம். என்னுடையது ஐ5, 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். புதிதாக வாங்கித்தான் தீர வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

வாங்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டையும் இருக்கிற லேப்டாப்பிலேயே சரி செய்யலாம்.

முதலில் திக்கல். எம்பி4 என்பது வெறும் உறை. உள்ளே படம் எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். உங்கள் போன் பெரும்பாலும் எச்இவிசி-யில் எழுதியிருக்கும். 2013-இல் வந்த அதுவும், அதற்குப் பத்தாண்டு மூத்த எச்.264-உம் குறைந்த இடத்தில் சேமிக்கவும் அனுப்பவும் உருவானவை. எப்போதாவது ஒரு முழு ஃப்ரேமை (வீடியோவின் ஒரு தனிப் படத்தை) எழுதிவிட்டு, அடுத்த முழு ஃப்ரேம் வரை மாறியதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி: மாத முதலில் பாக்கி, அப்புறம் தினசரி வாங்கியது மட்டும். 17-ஆம் தேதி மொத்தம் என்ன என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிவர வேண்டும். நேராக ஓட்டிப் பார்க்கும்போது கணக்கு போகிற போக்கில் நடந்துவிடும். எடிட்டிங்கில் நீங்கள் முன்னும் பின்னும் தாவுகிறீர்கள், ஒவ்வொரு தாவலுக்கும் லேப்டாப் முதலிலிருந்து கூட்டுகிறது. உங்கள் கன்வர்ட்டர் அதே வகைக் கோப்பைத்தான் திரும்பச் செய்து கொடுத்திருக்கிறது. தரம் போனதுதான் மிச்சம். அதைத் தூக்கிப் போடுங்கள்.

எடிட்டிங்குக்கென்றே இருப்பவை ஆப்பிளின் புரோரெஸ், அவிட்டின் டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவை. இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழு ஃப்ரேம். கணினிக்கு வேலை குறைவு, ஹார்ட் டிஸ்கில் இடம்தான் அதிகம் பிடிக்கும். எவ்வளவு என்கிறீர்களா? வினாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் 4கே-வை புரோரெஸ் 422-ஆக மாற்றினால் மணிக்குச் சுமார் 212 ஜிபி வரும். விடிய விடிய என்றால் எட்டு மணி நேரமாவது இருக்கும், சுமார் 1.7 டிபி ஆகிவிடும். வலையில் பலரும் ‘எல்லாவற்றையும் புரோரெஸ் ஆக்கு’ என்கிறார்கள். பத்து நிமிடக் குறும்படத்துக்குச் சரி, இரவு முழுக்க ஆடும் கூத்துக்கு ஆகாது.

உங்களுக்கு வேண்டியது ப்ராக்ஸி. அசல் அசலாக இருக்கும், வெட்டுவதற்கு மட்டும் சிறிய நகல். ரிசால்வின் ப்ராஜெக்ட் செட்டிங்கில் ப்ராக்ஸி அளவைப் பாதி என்றும், வடிவத்தை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்றும் வையுங்கள். மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்து வலது கிளிக் செய்தால் ‘ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா’ இருக்கும். 4கே-வில் பாதி 1080பி, மணிக்குச் சுமார் 20 ஜிபி. சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கே இதற்குத் தாங்கும். கடைசியில் ரெண்டர் செய்யும்போது (வெட்டியதை முடிந்த வீடியோவாக எழுதும்போது) ப்ராக்ஸியைப் பயன்படுத்தும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்போதுதான் அசலிலிருந்து படம் வரும். 8 ஜிபி ராமுக்கு ரிசால்வ் கனம்தான், வேலை செய்யும்போது குரோமையாவது மூடிவிடுங்கள்.

ஆனால் ப்ராக்ஸிக்கு முன்னால் இரண்டாவது கோளாறைத் தீர்த்தாக வேண்டும். போன்கள் ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃப்ரேமையும் கூடுதல் நேரம் திறந்து வைத்து எடுக்கும், 30 என்பது 24-க்கும் இறங்கும். கூத்துக் களத்தில் நடுவில் விளக்கு, சுற்றிலும் இருட்டு. கட்டியங்காரன் ஓரமாகப் போகும் ஒவ்வொரு முறையும் வேகம் மாறியிருக்கும். ஒலியோ சீராகப் பதிவாகியிருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் ஃப்ரேம்களைச் சம இடைவெளியில் அடுக்குவதால் பின்பாட்டும் வாயசைப்பும் மெல்ல மெல்ல விலகுகின்றன.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘ஃப்ரேம் ரேட் மோட்’ என்ற வரியில் ‘வேரியபிள்’ என்று இருந்தால் இதுதான் நோய். அந்தக் கோப்புகளை மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வர்ட்டரில் போட்டு ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்து, வேகத்தை 30 என வையுங்கள். தர எண்ணை 16 அளவுக்கு இறக்கிவிடுங்கள், அங்கே எண் குறையக் குறையத்தான் தரம் கூடும். கவனம்: அதில் முதலில் தோன்றும் ஆயத்த அமைப்பு படத்தை 1080பி-யாகச் சுருக்கிவிடும். அளவை 4கே-யிலேயே விடுங்கள். நீங்கள் ஒரே போனில் அகலமாக எடுத்திருப்பீர்கள். 1080பி டைம்லைனில் வேடக்காரரின் முகத்துக்கு அருகில் போக வேண்டுமென்றால் அந்தக் கூடுதல் புள்ளிகள்தான் கைகொடுக்கும். ஐ5-இல் இது ஆமை வேகத்தில் நடக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். இப்படி வந்த கோப்புகளுக்குத்தான் ப்ராக்ஸி செய்ய வேண்டும். எல்லாவற்றையும் மாற்றுமுன் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை வைத்து, ஒலி ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூட எடுத்த நண்பர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிய துண்டுகள் இருந்தால் அவற்றுக்கு இந்த வைத்தியம் எடுபடாது. போன விவரத்தை எந்த கன்வர்ட்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அவர்கள் போனையே வரவழைத்து, கேபிள் போட்டு எடுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு ஒன்று. போனோடு வந்த கேமராவை விட்டுவிட்டு, ஃப்ரேம் வேகத்தையும் ஷட்டரையும் நாமே நிறுத்தி வைக்கக்கூடிய செயலியைப் போடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா இலவசம்தான். வேகம் 25, ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 வினாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி-யும் படத்தில் துடிப்பது இதில் பெரும்பாலும் நின்றுவிடும்.

லேப்டாப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதிக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, அசலை இரண்டிலும் வையுங்கள். வீடியோ ஏறிய பிறகு ப்ராக்ஸிகளைத் தயங்காமல் அழிக்கலாம்.