மனை, கிணறு, போர்வெல்: மண்ணிலும் நீரிலும் கலந்த கழிவு பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த கழிவைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் 16 வருடமாக என் வேலை. மூடிய ஆலை, பழைய பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை வளாகம் என்று பல இடங்களில் துளை போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சார், வாலாஜா பக்கம் 5 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். அரை கிலோமீட்டரில் மூடிக்கிடக்கும் டேனரி (தோல் பதனிடும் ஆலை). விற்பவர் போர் தண்ணீர் ரிப்போர்ட் காட்டினார், டிடிஎஸ் 900தான். வாங்கலாமா?

அந்த ஒரு காகிதத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டிடிஎஸ் என்பது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கு, அவ்வளவுதான். நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 டிடிஎஸ்ஸுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது, வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். 900-க்குள் 0.05 ஒளிந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஆய்வகம் நாம் கேட்டதை மட்டும்தான் அளந்து கொடுக்கும்.

அதனால் முதல் வேலை டெஸ்ட் இல்லை, விசாரிப்பது. வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டு வாங்கி, கிரயம், அடமானத்தோடு நிறுத்தாமல் ஏதாவது கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) கிடைத்தால் இன்னும் நல்லது. சுற்றிலும் நெல் விளைய இந்த சர்வே எண் மட்டும் வருடக்கணக்கில் தரிசு என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஒவ்வொரு வருடமாகத் தள்ளிப் பாருங்கள், நேற்றுவரை குட்டையாக இருந்தது திடீரென்று மேடாகியிருந்தால் எதைக் கொட்டி நிரப்பினார்கள் என்பதுதான் கேள்வி. அப்புறம் அந்த ஊரில் ஆடு மாடு மேய்த்தவர்களிடம் பேசுங்கள். ஒரு இடத்தில் நாங்கள் எட்டுத் துளை போட்டும் ஒன்றும் சிக்கவில்லை. வேலியோரம் நின்றிருந்த ஒரு பாட்டி, "அந்த மூலையில லாரி லாரியா மஞ்ச மண்ணு கொட்டுனாங்கப்பா, அங்க புல்லுகூட முளைக்காது" என்றார். ஒன்பதாவது துளையை அங்கே போட்டோம், அங்கேதான் இருந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகு எதைச் சோதிப்பது என்பது தானாகத் தெரியும். டேனரி என்றால் குரோமியம், குளோரைடு, சோடியம் (தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பு நீரில்தான் வந்து சேரும்). மண்ணையும் எடுங்கள், மனையில் ஓர் இடம் போதாது. கழிவே போயிருக்க முடியாத தூரத்திலிருந்தும் ஒரு மண் மாதிரி வேண்டும், ஒப்பிட அதுதான் அளவுகோல்.

நானே தண்ணீர் எடுத்து லேபில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் பாதி ரிப்போர்ட்டுகள் கெட்டுப்போவது இங்கேதான். மோட்டாரைப் போட்டதும் வருவது குழாயில் தேங்கிக் கிடந்த நீர். அது வெளியேறி, நீரின் வெப்பமும் உப்பளவும் ஒரே நிலைக்கு வரும்வரை ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். ஓவர்ஹெட் டேங்கிலிருந்தோ ஆர்ஓ வழியாக வந்த பிறகோ பிடிக்காதீர்கள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம், பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள், அதைக் கழுவிவிடக் கூடாது. பெட்ரோல் வகைக்கு மட்டும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் தேடிப்போன பொருள் வழியிலேயே ஆவியாகிவிடும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று பார்ப்பதோடு, நீங்கள் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கள் கிணற்று நீர் லேசான மஞ்சள். கொதிக்கவைத்துக் குடிக்கிறோம்.

தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். மஞ்சள் இரும்பாலும் வரும், ஆனால் பக்கத்தில் குரோமியம் சார்ந்த ஆலை இருந்திருந்தால் அது ஆறு இணைதிறக் குரோமியமாக (குரோமியத்தின் நச்சு அதிகமான வடிவம்) இருக்கலாம், அது புற்றுநோய் உண்டாக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், குரோமியம் போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறக் குரோமியம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவதற்கு அமிலம் சேர்க்காத வேறு பாட்டில் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் கிடந்தது, ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து நிலத்துக்குள் இறக்கியது. ஆலை மூடிவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

சென்னையில் பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் அடுக்குமாடி கட்டப்போகிறோம். டாங்கை எடுத்தாகிவிட்டது.

டாங்க் போனாலும் கசிந்தது அங்கேயேதான் இருக்கும். பெட்ரோல் நீரைவிட லேசானது, நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போதும் கோடையில் இறங்கும்போதும் அதுவும் கூடவே ஏறி இறங்கி, நடுவில் உள்ள மண்ணையெல்லாம் நனைத்துவிடும். டாங்க் குழியின் அடி, பைப் இணைப்புகள், பம்ப் நின்ற இடம், லாரி இறக்கிய இடம் ஆகிய நான்கிலும் ஆழவாரியாக மண் எடுங்கள். செலவைக் குறைக்க மண்ணையெல்லாம் கலந்து ஒரே சாம்பிளாகக் கொடுக்கச் சொல்வார்கள், கலக்கும்போதே பெட்ரோலில் உள்ள பென்சீன் பறந்துவிடும், ஒப்புக்கொள்ளாதீர்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் திட்டம் இருந்தால் மண்ணுக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியையும் அளந்தே ஆக வேண்டும்.

சந்தேகம் தீர ஆழமாக ஒரு போர் போட்டுப் பார்க்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. மேல்மண்ணில் நிற்கும் கழிவு, போர் வழியாகக் கீழே பாறை வெடிப்புக்கு இறங்கிவிடும், நல்ல நீரை நாமே கெடுத்தது போலாகும். பக்கத்துக் கிணறுகளில் முதலில் நீர் எடுத்துச் சோதியுங்கள். குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஓரளவு தெரியும்.

தர்மபுரி. ஃபுளோரைடு 2.5 என்று வந்திருக்கிறது. எந்தக் கம்பெனி காரணம்?

பெரும்பாலும் எந்தக் கம்பெனியும் இல்லை, உங்கள் பகுதிப் பாறையிலிருந்தே கரைந்து வருவது. ஆனாலும் உச்ச வரம்பு 1.5, குடிக்க வேறு நீர் பாருங்கள்.

சுத்தம் செய்யும் செலவு யார் தலையில்?

வேலூர் டேனரிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே, கெடுத்தவர்தான் ஈடு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025-இல் தனி விதிகளும் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் வழக்கு முடிய வருடங்கள் ஆகும், அதுவரை அந்த நிலத்தோடு இருக்கப்போவது நீங்கள். கிரயம் முடிப்பதற்கு முன் சோதனை செய்ய அனுமதி கேளுங்கள், விற்பவர் மறுத்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.