மழைக்குப் பின் ஏறும் முள்: சமூக வானொலி கேள்வி – பதில்

எஃப்.எம். சமூக வானொலி நிலையங்களில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து வந்த தொழில்நுட்பக் கேள்விகளுக்கு இம்மாதப் பதில்கள்.

கேள்வி: எங்கள் நிலையம் கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் 50 வாட். ரிஃப்ளெக்டட் பவர் (ஆன்டெனா பக்கமிருந்து திரும்பி வரும் பவர்) வழக்கமாக 1 வாட் காட்டும். மழை பெய்த மறுநாள் காலையில் 6 வாட்டுக்குப் போகிறது, வெயில் ஏற ஏற 2-க்கு இறங்கிவிடுகிறது. டிரான்ஸ்மிட்டர் பழுதா?
– நிலையப் பணியாளர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும் கோளாறு அநேகமாகக் கட்டடத்துக்கு வெளியேதான் இருக்கும். கனெக்டரிலோ கேபிளிலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. 50 வாட்டுக்கு 1 வாட் திரும்பினால் விஎஸ்டபிள்யூஆர் (கேபிளும் ஆன்டெனாவும் டிரான்ஸ்மிட்டரோடு எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.33. அது நல்ல நிலை. 6 வாட் திரும்பினால் 2-ஐத் தாண்டிவிட்டது. பல டிரான்ஸ்மிட்டர்கள் இந்த அளவில் தாமாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். அதை மீறி முழு பவருக்கு ஏற்றாதீர்கள்.

முதலில் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, ஆன்டெனா கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம், 100 வாட் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாக நின்று பவரை வெப்பமாக மாற்றும் கருவி) மாட்டி இயக்குங்கள். ரிஃப்ளெக்டட் பூஜ்யத்துக்கு வந்தால் டிரான்ஸ்மிட்டர் மேல் சந்தேகம் வேண்டாம். அடுத்து கேபிளைப் பழையபடி மாட்டி, டம்மி லோடை டவர் உச்சியில், ஆன்டெனா இருந்த முனையில் மாட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். கீழே ரிஃப்ளெக்டட் குறைவாக இருப்பதைப் பார்த்து "கேபிள் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நனைந்த கேபிள் போகும் பவரையும் விழுங்கும், திரும்பும் பவரையும் விழுங்கும். ஆகவே கெட்ட கேபிள் கீழே இருக்கும் மீட்டரில் நல்ல பிள்ளையாகத் தெரியும். உச்சியில் டம்மி லோடுக்கு முன்னால் ஒரு வாட் மீட்டரை வைத்து, எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. 30 மீட்டர் எல்எம்ஆர்-400 கேபிளில் ஏறத்தாழ 1.2 டெசிபெல் இழப்பு, எனவே மேலே 38 வாட் வரவேண்டும். ஆர்ஜி-213 என்றால் 31, 32 வாட். இதைவிடக் கணிசமாகக் குறைந்தால் கேபிள் போய்விட்டது. கணக்குப்படி வந்தும், ஆன்டெனாவைத் திரும்ப மாட்டியதும் ரிஃப்ளெக்டட் ஏறினால் ஆன்டெனாவையும் அதன் கனெக்டரையும் பாருங்கள்.

மேலே ஆள் ஏறும்போது டிரான்ஸ்மிட்டரின் மெயின் பிளக் பிடுங்கப்பட்டு, ஏறுபவரின் பையிலேயே அறைச் சாவி இருக்கட்டும். உச்சியில் சோதனைக்காக இயக்க வேண்டுமானால், டம்மி லோடு மாட்டி, ஆள் கீழே இறங்கிய பிறகே இயக்க வேண்டும். மீட்டர் எண்ணைக் கீழிருந்து பார்க்க, அதன் எதிரே ஒரு கைபேசிக் கேமராவைக் கட்டிவிட்டு வந்தால் போதும்.

கனெக்டரைத் திறந்ததும் பின்னலை (நடுக் கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை) பாருங்கள். நல்ல பின்னல் பளபளக்கும். உப்புக்காற்று புகுந்த பின்னல் கறுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும், நடு முள்ளில் பச்சைக் களிம்பு இருக்கும். 30 சென்டிமீட்டர் வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் வெட்டிக்கொண்டே போகாமல் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

புதுக் கனெக்டரை மாட்டியதும் முதலில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். அதன் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை அகலம் பாதியாகச் சுருங்கும் அளவுக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்றுங்கள். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போகவேண்டும். ஓடு வேய்கிறவர் இறவாரத்திலிருந்து தொடங்கி மேலே போவது எதற்காகவோ அதே காரணம்தான். அதற்கு மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பசையைத் தயவுசெய்து பூசாதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். ஆன்டெனாவின் அடியில் இருக்கும் நீர் வடியும் துளையையும் அடைத்துவிடாதீர்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே தொங்கும் ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

உங்கள் கடிதத்தில் மெச்ச வேண்டியது, "வழக்கமாக 1 வாட்" என்று உங்களால் சொல்ல முடிந்ததுதான். தினமும் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு (போகும் பவர்), ரிஃப்ளெக்டட், வெப்பநிலை மூன்றையும் எழுதிவைக்கும் நிலையத்தில் கேபிள் திடீரென்று கெடுவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே நோட்டில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்டூடியோ ஹெட்ஃபோனில் குரல் தெளிவாக இருக்கிறது. ரேடியோவில் கேட்டால் 'ஸ', 'ஷ', 'ச' வரும் இடமெல்லாம் கிழிகிறது. மைக்கை மாற்றியும் பயனில்லை.
– ஒலிப்பதிவாளர், மதுரை

பதில்: எஃப்.எம்.மில் இரைச்சலைக் குறைக்க, அனுப்பும் இடத்தில் உச்ச அதிர்வெண்களைத் தூக்கி, ரேடியோவில் அதே அளவு இறக்குகிறார்கள். இதுதான் ப்ரீ-எம்ஃபசிஸ். இந்தியாவில் 50 மைக்ரோ செகண்ட், அமெரிக்காவில் 75. 50 மைக்ரோ செகண்டில் 10 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி 10 டெசிபெலுக்குச் சற்று மேல் உயர்கிறது. 'ஸ்' என்ற சீறலின் பலமெல்லாம் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல்தான். அதனால் வேறெந்த எழுத்துக்கும் முன்பாக அதுவே எல்லையில் போய் முட்டும்.

பெரும்பாலான நிலையங்களில் காரணம் ஒன்றே: ஆடியோ பிராசசரிலும் (டிரான்ஸ்மிட்டருக்கு முன் ஒலியைச் சீராக்கும் கருவி) ப்ரீ-எம்ஃபசிஸ் போட்டிருப்பார்கள், டிரான்ஸ்மிட்டரிலும் போட்டிருப்பார்கள். கண்டுபிடிக்க, ஒலிபரப்பு இல்லாத நேரத்தில் டம்மி லோடு மாட்டி, ஒலி எல்லை தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டரை மட்டும் பைபாஸ் செய்து, 1 கிலோ ஹெர்ட்ஸ் டோனை 7.5 கிலோ ஹெர்ட்ஸ் டீவியேஷன் (ஒலிக்கேற்ப ஒலிபரப்பு அதிர்வெண் விலகும் அளவு) காட்டும் அளவுக்குக் கொடுங்கள். அளவை மாற்றாமல் 10 கிலோ ஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். டீவியேஷன் 24 பக்கம் வந்தால் சரி. 7.5-லேயே நின்றால் எங்குமே போடவில்லை. 33 பக்கம் வந்தால் 75 மைக்ரோ செகண்டில் வைத்திருக்கிறீர்கள். டீவியேஷன் 75 கிலோ ஹெர்ட்ஸைத் தொட்டால் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறது, ஒன்றை அணையுங்கள். பிராசசரில் வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரில் எடுத்துவிடுவதே நல்லது. அப்போதுதான் தூக்கப்பட்ட ஒலியை லிமிட்டர் பார்த்துக் கட்டுப்படுத்தும்.

எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் கிழிந்தால், மைக் வாய்க்கு நேராக இல்லாமல் 30 டிகிரி ஒதுங்கி, ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: 50 வாட் போதவில்லை, ஓரக் கிராமங்களில் இரைகிறது. 100 வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்கலாமா?
– நிலைய மேலாளர், தருமபுரி மாவட்டம்

பதில்: வேண்டாம். சமூக வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்பட்ட ஈஆர்பி (ஆன்டெனாவிலிருந்து பயனாக வெளியேறும் பவர்) 100 வாட். கேபிள் இழப்பைக் கழித்து ஆன்டெனா ஆதாயத்தைச் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, 50 வாட் டிரான்ஸ்மிட்டரே அதற்குப் போதும். பவரை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல். சமநிலத்தில் ஆன்டெனாவை 15 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு உயர்த்தினால் கிட்டத்தட்ட 6 டெசிபெல். தரையிலிருந்து 30 மீட்டர் வரை அனுமதி உண்டு. உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் உயரத்தைப் பார்த்துவிட்டு, தேவையானால் திருத்தத்துக்கு எழுதுங்கள்.

காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி பேச்சு என்றால் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் ஒலிபரப்புங்கள். ஸ்டீரியோ என்று ரேடியோவுக்கு உணர்த்தும் 19 கிலோ ஹெர்ட்ஸ் பைலட் நின்றதும் ஸ்டீரியோ ரேடியோக்கள் தாமாக மோனோவுக்கு மாறும், ஓரத்தில் இரைச்சல் 20 டெசிபெல் அளவுக்குக் குறையும். இரைச்சலில்லாத மோனோவே உழவருக்குப் பயன்படும்.

கேள்வி: டவருக்கு இடிதாங்கியும் தனி எர்த் குழியும் இருக்கின்றன. அப்படியும் போன இடிமழையில் டிரான்ஸ்மிட்டர், மிக்சர், கம்ப்யூட்டர் மூன்றும் போய்விட்டன. ஏன்?
– நிர்வாகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அந்தத் "தனி" எர்த்தான் காரணமாக இருக்க வேண்டும். மின்னலின் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் என்று வையுங்கள். உங்கள் டவர் குழியின் தடை 5 ஓம் என்றாலும் டவர் அடி அந்தக் கணத்தில் 1,50,000 வோல்ட்டுக்கு உயர்கிறது. கட்டடத்தின் மின் எர்த் அப்படியே கீழே நிற்கிறது. இந்த இரண்டையும் இணைக்கும் ஒரே கம்பி உங்கள் ஆன்டெனா கேபிளின் பின்னல். மின்னல் அந்த வழியாகத்தான் டிரான்ஸ்மிட்டருக்குள் வந்து, மிக்சர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

டவர் குழி, மின் எர்த், உபகரண எர்த் எல்லாவற்றையும் 25-க்கு 3 மில்லிமீட்டர் செம்புப் பட்டையால் தரைக்கடியில் இணையுங்கள். உயர்ந்தால் எல்லாம் சேர்ந்து உயரட்டும், நடுவே வேறுபாடு குறையும். கேபிளின் பின்னலை டவர் உச்சியில், டவரை விட்டுப் பிரியும் அடியில், சுவரில் நுழையும் இடத்தில் என மூன்று இடங்களில் எர்த் செய்யுங்கள். நுழையும் இடத்தில் ஒரு செம்புத் தகடு வைத்து, அதில் கேபிளுக்கான சர்ஜ் அரெஸ்டரையும் (மின்னல் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் கருவி) மாட்டுங்கள். பட்டையை முழங்கை போல் மடக்காமல் அகலமான வளைவாகத் திருப்ப வேண்டும். கூர்மடிப்பில் மின்னல் பட்டையை விட்டுத் தாவும். எர்த் தடையை ஐப்பசி மழையில் அளந்து திருப்திப்படாதீர்கள். பங்குனியில் மண் காய்ந்து கிடக்கும்போது, கோடை இடிமழைக்கு முன்பாக அளக்க வேண்டும்.

கேள்வி: லேப்டாப்பை மிக்சரில் இணைத்தால் 'ம்ம்ம்' என்ற ஹம். சார்ஜர் எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடுகிறது. அப்படியே விடலாமா?
– தன்னார்வலர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. அந்தப் பின் உயிர்க்காப்பு. சார்ஜருக்கும் மிக்சருக்கும் எர்த் வேறு வேறு பிளக்கிலிருந்து வருவதால் ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் ஓடுகிறது. இரண்டையும் ஒரே யுபிஎஸ் பலகையில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஒலி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கடக்கும், எர்த் வளையம் அறுந்துவிடும்.