பாடசாலை விட்ட பின் வாக்குக் கேட்கலாமா?

கேள்வி: நான் அரசாங்கப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். பிரதேச சபைத் தேர்தலில் போட்டியிட்டால் சம்பளமற்ற லீவில் போக வேண்டும் என்கிறார்கள். பிற்பகல் 1.30க்குப் பாடசாலை முடிந்துவிடுகிறது. காலையில் கற்பித்துவிட்டு மாலையில் வாக்குக் கேட்டால் என்ன தவறு?
- ஓர் ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: இலங்கை அரசாங்க ஊழியர்களுக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவை, அவர்களை அரசியல் உரிமை உள்ளவர், இல்லாதவர் என இரண்டாகப் பிரிக்கிறது. உரிமை இல்லாதவர்களான பதவிநிலை அலுவலர்களும் (உயர் பதவிகளில் இருப்போர்) பொலிஸாரும் வேட்பாளராக விரும்பினால் பதவியையே விட வேண்டும். ஆசிரியரான தங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தேர்தல் முடியும் வரை சம்பளமற்ற லீவில் இருப்பது அதற்கான நிபந்தனை.

மணிக்கணக்கு மட்டும்தான் சிக்கல் என்றால் தங்கள் வாதத்தை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். காலையில் ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர், மாலையில் அதே வீட்டுப் படலையைத் திறந்து துண்டுப்பிரசுரத்தை நீட்டினால், அந்தத் தாய் மனம்விட்டு மறுப்புச் சொல்வாரா? அந்தத் தயக்கத்தை வாக்காக மாற்ற இடம் கொடுக்கக் கூடாது. அதனால் விதி நியாயமானது என்றே கருதுகிறேன்.

ஆனால், வேட்புமனுவுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையில் சில வாரங்கள்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த விதி நிற்கிறது. 2023இல் அந்த நம்பிக்கை பொய்த்தது. ஜனவரியில் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டு, மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி நிதியை விடுவிக்காததால் ஏப்ரல் 25க்குத் தள்ளிப்போய், பின்னர் காலவரையறையின்றி நின்றுபோனது. போட்டியிட்ட அரசாங்க ஊழியர்கள் வேலையும் சம்பளமும் இல்லாமல் நடுவில் அகப்பட்டார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, மாதாமாதம் சம்பளத்திலேயே கழிபட்டுவந்த கடன் தவணையைக் கையால் கட்டுவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தார். அவர் செய்த பிழை, சட்டம் சொன்னபடி லீவில் போனது மட்டுமே. பணிக்குத் திரும்ப அமைச்சரவை பிறகு வழிசெய்தபோதும், அதுவரை இழந்த மாதங்களின் சுமை குடும்பங்களின் தலையிலேயே விழுந்திருந்தது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் புதிய வேட்புமனுக்களுடன் 2025 மே 6இல்தான் நடந்தது.

ஆகவே விதியை நீக்கச் சொல்லாதீர்கள். லீவுக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள். வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டால், அந்த நாளிலிருந்தே ஊழியரைத் தாம் போட்டியிடும் பிரதேசத்துக்கு வெளியே வேறொரு பாடசாலையில் சம்பளத்துடன் பணியாற்ற விடலாம். பிரசாரத்துக்கும் வகுப்பறைக்கும் இடையிலுள்ள வேலியும் அப்படியே இருக்கும், வீட்டு அடுப்பும் அணையாது.

தாங்கள் போட்டியிடுவதாக முடிவு செய்தால், லீவு விண்ணப்பத்தை அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அனுப்பி, அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்ட பின்னரே வேட்புமனுவில் ஒப்பமிடுங்கள். சம்பளத்தில் கழிபடும் கடன்கள் இருந்தால், அவற்றின் சில மாதத் தவணைகளுக்கான பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.