டி.வி. படம் சரியாகத் தெரிய: கரையோர வீடுகளின் கேள்விகளும் பதில்களும்

கீழக்கரையிலிருந்து: காக்கா (அண்ணே), கடையில பார்த்தப்ப பளிச்சுன்னு இருந்த 55 இன்ச் டி.வி. வீட்டுல கண்ணைக் கூசுது. ஆளுங்க மொகமெல்லாம் செவந்து கெடக்கு. பெட்டியில கோளாறா?

கோளாறு இல்லை தம்பி. கடையில் டியூப் லைட் வெளிச்சத்துக்கு நடுவே, பக்கத்துப் பெட்டிகளை மீறி நம் கண்ணை இழுக்க வைக்கிற மோடுதான் விவிட், டைனமிக் எல்லாம். ஒளியையும் நிறத்தையும் அளவுக்கு மேல் ஏற்றி, வெள்ளையில் நீலத்தைக் கலந்துவிடும். பிக்சர் மோடை சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். படத்துக்கு நிறம் சேர்க்கிறவர்கள் பார்க்கும் மானிட்டருக்கு ஒரு தரம் உண்டு: வெள்ளை சுமார் 6500 கெல்வின் (இந்த எண் ஏற ஏற வெள்ளையில் நீலம் கூடும்), நிறங்கள் ரெக். 709 என்கிற எச்.டி. படத்துக்கான நிற அளவு. அதற்குக் கிட்டே வருவது இந்த மோடுகள்தான். கூடவே பவர் சேவிங்கை அணையுங்கள். காட்சிக்குக் காட்சி அது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் எந்த அளவும் நிலைக்காது. பாதி வேலை இதிலேயே முடிந்தது.

பாம்பனிலிருந்து: அண்ணே, சினிமா மோடு போட்டா மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருக்கே?

எல்லாரும் இந்த இடத்தில்தான் பழைய மோடுக்குத் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். நம் பக்கம் விற்ற பழைய பிக்சர் டியூப் பெட்டிகள் பலவற்றிலும் வெள்ளை 9300 கெல்வினை ஒட்டி, நீலம் தூக்கலாக இருந்தது. கண் அதையே வெள்ளை என்று பழகிவிட்டது. ஒரு வாரம் கை வைக்காமல் பாருங்கள். பிறகு கலர் டோனை ‘கூல்’ ஆக்கினால் நீலம் பூசியிருப்பது உங்களுக்கே தெரியும். வார்ம் 1, வார்ம் 2 என்று இரண்டு இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் சரியான அளவுக்குப் பக்கம்.

மண்டபத்திலிருந்து: ராத்திரி சீன்ல ஒண்ணுமே தெரியல. பிரைட்னஸை ஏத்தினா கறுப்பெல்லாம் சாம்பலாப் போகுது. என்ன செய்ய?

பிரைட்னஸ் என்ற பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. மொத்த வெளிச்சத்தைக் கூட்டுவது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. பிரைட்னஸ் கறுப்பின் ஆழத்தை மாற்றும், கான்ட்ராஸ்ட் வெள்ளையின் உச்சத்தை மாற்றும். சில பெட்டிகளில் பேக்லைட்டையே பிரைட்னஸ் என்று எழுதி, கறுப்புக்கு ‘பிளாக் லெவல்’ என்று தனியாக வைத்திருப்பார்கள். எதை நகர்த்தினால் எது மாறுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் பிளாக் லெவல் பேட்டர்ன் கிடைக்கும். கறுப்புத் திரையில் 16 முதல் 25 வரை எண் போட்ட பட்டைகள் வரும். 16 முழுக் கறுப்பு. அது பின்னணியோடு மறைய வேண்டும், 17 அல்லது 18 மங்கலாகத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து வெள்ளைப் பேட்டர்னில் 234 வரை பட்டைகள் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குக் கான்ட்ராஸ்ட். நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற நேரத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்ய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் செட்டாப் பாக்ஸில் மட்டும் இருட்டு அப்பிக்கிடந்தால் எச்.டி.எம்.ஐ. ரேஞ்சைப் பாருங்கள், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை பாக்ஸ் அனுப்பும் எண் அளவை. பாக்ஸ் 16–235 அனுப்ப, டி.வி. 0–255 என்று நினைத்தால் படம் சாம்பலாகும். மாறி நடந்தால் நிழலெல்லாம் கறுப்பில் மூழ்கும். இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேவிபட்டினத்திலிருந்து: ஷார்ப்னஸ் எவ்வளவு வைக்கணும்?

குறைவாக. எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு மறையும் வரை இறக்குங்கள். பல பெட்டிகளில் 0 பக்கம் வரும். சோனியில் 50தான் நடுநிலை.

தொண்டியிலிருந்து: எங்க வீட்டு வாசல் கடலைப் பார்த்து இருக்கு. காலையில வெயில் நேரா டி.வி. மேல அடிக்குது. எந்த செட்டிங் போடட்டும்?

அக்கா, கடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை எந்த செட்டிங்கும் ஜெயிக்காது. வாசலுக்கு எதிரே டி.வி. வேண்டாம், வாசல் பக்கவாட்டில் வருகிற சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் கனத்த திரைச்சீலை. பகலுக்குப் பேக்லைட்டை மட்டும் ஏற்றி ஒரு மோடு, ராத்திரிக்கு இறக்கி இன்னொரு மோடு என்று வைத்துக்கொள்ளலாம். வார்ம் டோனும் கறுப்பின் அளவும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஏர்வாடியிலிருந்து: 4கே டி.வி. வாங்கியும் கேபிள் சேனல் கலங்கலாத்தான் தெரியுது. சினிமா பார்த்தா சீரியல் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுது.

முதல் விஷயத்துக்கு செட்டிங் கிடையாது. சாதாரண (எஸ்.டி.) சேனலில் இருப்பது 576 வரி; உங்கள் திரையில் 2160. இல்லாததை டி.வி. இட்டு நிரப்பத்தான் முடியும். எச்.டி. சேனல் எடுங்கள். சதுரப் படத்தை இழுத்து அகலமாக்கவும் வேண்டாம், முகம் உப்பிவிடும்.

இரண்டாவதற்கு மருந்து உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். மோஷன் ஸ்மூத்திங் நடுவில் தானாகவே ஃபிரேம்களைச் செருகுவதால் வரும் வழுக்கல் அது. அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

ராமேஸ்வரத்திலிருந்து: கூட்டாளி வீட்டுல அதே மாடல்தான். அவன் நம்பரை அப்படியே போட்டுக்கலாமா?

மோடு, டோன், அணைக்க வேண்டியவை இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் நிறத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் எண்களை மட்டும் எடுக்காதீர்கள். ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் வித்தியாசம் உண்டு. அதை அளக்க கலரிமீட்டர் கருவி வேண்டும்.

பாம்பனிலிருந்தே இன்னொருவர்: உப்புக் காத்துல திரை மங்கிப்போகுது. எப்படித் துடைக்க?

காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். உப்புத் துகள் மேல்பூச்சைக் கீறிவிடும். அணைத்து, ஆறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை ஃபில்டர் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள். பிறகு இன்னொரு காய்ந்த துணி. நம் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். பேட்டர்ன் போட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.